பரிசு மாற்று விழா நடத்துவது எப்படி?



பண்டிகை என்றால் ஊருக்கெல்லாம் ஓய்வு, நமக்கு மட்டும் வேலை. தீபாவளிக்கு முதல் நாள் இரவு பன்னிரண்டு மணி வரை தராசும் கையுமாக நிற்கிறோம். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் குற்றாலத்திலும் செங்கோட்டைச் சாலையிலும் நிரம்பி வழிகிறது. அது ஓய்வதற்குள் பொங்கல் சரக்கு வந்து இறங்கிவிடுகிறது. ஆனி, ஆடியில் சாரல் சீசன் என்று நாடே குற்றாலத்துக்கு வந்து குளிக்கிறது. விடுதிகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் சரக்குப் போட்டுக்கொண்டிருக்கும் நாம் அருவிப் பக்கம் எட்டிப் பார்க்கவும் நேரமில்லை.

ஆகவே, பண்டிகைகள் எல்லாம் கழிந்த பிறகு வணிகர் குடும்பங்கள் ஒரு நாள் கூடி, சேர்ந்து சாப்பிட்டு, ஒருவருக்கொருவர் சிறு பரிசு மாற்றிக்கொள்ளும் வழக்கத்தைச் சில ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வருகிறோம். இதை வேறு ஊர்களிலும் நடத்த விரும்பும் உறுப்பினர்கள் சிலர், முறையை எழுதித் தரும்படி கேட்டார்கள். செய்து பார்த்ததையும், முதலில் தவறு செய்து பிறகு திருத்திக்கொண்டதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

நம்மிடம் ஏற்கெனவே உள்ள வழக்கங்கள்

பரிசு மாற்றிக்கொள்வது நமக்குப் புதிதல்ல. தென்காசி, கடையநல்லூர், பொட்டல்புதூர் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் மூன்று மதத்தாரும் அடுத்தடுத்துக் கடை வைத்திருக்கிறோம். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் அடுத்த கடை பாய் வீட்டுக்குப் போகும். ரமலான் மாதத்தில் அங்கிருந்து நோன்புக் கஞ்சி வரும். கிறிஸ்துமஸ் அன்று எதிர்க்கடையிலிருந்து கேக் வரும். பலகாரம் வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுக்க நம் வீட்டுப் பெண்கள் சம்மதிக்க மாட்டார்கள். ஒரு கை சர்க்கரையாவது வைத்துத்தான் அனுப்புவார்கள்.

இரண்டாவது, மொய். இதற்கு நோட்டு உண்டு, கணக்கு உண்டு. யார் வீட்டில் எவ்வளவு எழுதினோம், அவர் திருப்பி எவ்வளவு எழுதினார் என்பது இருபது ஆண்டு கழித்தும் தெரியும். பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரங்களில் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே நடத்தித் தொழிலுக்கு முதல் திரட்டுகிறார்கள். அது வட்டியில்லாக் கடன். வாங்கியவர் திருப்பிச் செய்தே ஆகவேண்டும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது பரிசு அல்ல.

மூன்றாவது, வியாபாரப் பரிசு. மொத்த வியாபாரி சில்லறைக் கடைக்காரருக்குக் காலண்டரும் தீபாவளிக்கு இனிப்புப் பெட்டியும் தருகிறார். கம்பெனிக்காரர்கள் இலக்கு முடித்தால் தங்கக் காசு, குளிர்பதனப் பெட்டி என்று தருகிறார்கள். இது ஒரு பக்கமாகவே ஓடுவது. மேலிருந்து கீழே வரும், கீழிருந்து மேலே போகாது.

நாம் சொல்ல வரும் பரிசு மாற்று இந்த மூன்றில் முதலாவதைப் போன்றது. தட்டு போகவேண்டும், தட்டு வரவேண்டும், நோட்டு கூடாது. இதை மறந்ததால்தான் நாம் ஒருமுறை சறுக்கினோம்.

நாம் செய்த தவறு

கொரோனாவுக்குச் சில ஆண்டுகள் முன்பு, முதல் தடவையாகக் குற்றாலத்தில் ஒரு மண்டபம் பிடித்து 22 குடும்பங்கள் கூடினோம். ஆளுக்கு ஒரு பரிசு கொண்டுவர வேண்டும், சீட்டுக் குலுக்கி மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. எவ்வளவு விலையில் என்று யாரும் சொல்லவில்லை, அவரவர் விருப்பம் என்று விட்டுவிட்டோம். பரிசை மேடையில் பிரித்துக் காட்டி, ‘இது இன்னார் கொடுத்தது, இன்னாருக்குப் போகிறது’ என்று ஒலிபெருக்கியில் வாசித்தது வேறு யாரும் அல்ல, நாம்தான்.

ஒரு பெரிய வீட்டிலிருந்து வெள்ளிக் குத்துவிளக்கு வந்திருந்தது. அது பாவூர்சத்திரம் பக்கத்தில் கிராமத்தில் சிறு கடை வைத்திருக்கும் ஒருவருக்கு விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த சில நிமிடங்களில் அவர் கொண்டுவந்த பெட்டி பிரிக்கப்பட்டது. உள்ளே இரண்டு எவர்சில்வர் டம்ளர். அவர் பெயரையும் நாம் சத்தமாக வாசித்தோம். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரித்த சிரிப்பு அல்ல, ஆனாலும் சிரிப்புதான். பந்தி போடுமுன் அவர் மனைவி, பிள்ளைகளோடு கிளம்பிவிட்டார். கடையைத் திறக்க வேண்டும் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டோம்.

பத்து நாள் கழித்து எங்கள் கடைக்கு வந்தார். ஒரு கையில் ரொக்கம், மறு கையில் செய்தித்தாளில் சுற்றிய விளக்கு. பேரேட்டைப் பார்த்து, இருந்த பாக்கி முழுவதையும் எண்ணி வைத்தார். விளக்கை மேசையில் வைத்துவிட்டு, “அண்ணாச்சி, இதுக்கு நான் ஒரு நாள் திருப்பிச் செய்யணும்லா? நம்மால ஆகாது. அவங்ககிட்டயே குடுத்துருங்க” என்றார்.

வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இதன் பொருள் புரியும். பாக்கி வைத்துப் பாக்கி கட்டுவதுதான் மொத்தக் கடைக்கும் சில்லறைக் கடைக்கும் உள்ள உறவு. ஒருவர் முழுப் பாக்கியையும் ஒரே நாளில் கட்டினால் கணக்கை முடிக்கிறார் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பல மாதங்கள் அவர் எங்கள் கடைக்குச் சரக்கெடுக்க வரவில்லை. பதினைந்து ஆண்டு வாடிக்கை. விலையிலோ எடையிலோ எந்தக் குறையும் இல்லை. நல்லது செய்கிறோம் என்று நினைத்து, ஒரு மனிதரைச் சபையில் சின்னவராக்கி அனுப்பிவிட்டோம்.

வெளியில் எப்படிச் செய்கிறார்கள்

அதற்குப் பிறகுதான் பிறர் இதை எப்படி நடத்துகிறார்கள் என்று விசாரித்தோம். பாளையங்கோட்டைப் பள்ளி, கல்லூரிகளில் படித்த பிள்ளைகளுக்கு ‘கிறிஸ் மாம், கிறிஸ் சைல்ட்’ விளையாட்டு நன்றாகத் தெரியும். டிசம்பரில் மாணவர் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் மத வேறுபாடின்றி நடத்துவது. பெயர்களை எழுதிக் குலுக்கி, யாருக்கு எந்தப் பெயர் வருகிறதோ அவரைத் தம் ‘பிள்ளை’யாக நினைத்துச் சில நாட்கள் ரகசியமாகச் சின்னச் சின்னப் பொருள் கொடுத்து வரவேண்டும். கடைசி நாளில்தான் ‘தாய்’ யார் என்று தெரியும். மேல்நாடுகளில் இதையே ‘சீக்ரெட் சான்டா’ என்று நடத்துகிறார்கள்.

இதில் இரண்டு விஷயங்கள் நம்மைச் சிந்திக்க வைத்தன. ஒன்று, எல்லோருக்கும் ஒரே விலை வரம்பு. மற்றொன்று, அ ஆ-வுக்குக் கொடுப்பார், ஆ இ-க்குக் கொடுப்பார். கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. எனவே யாரும் யாருக்கும் கடன்பட்டவர் ஆவதில்லை. மொய் நோட்டுக்கு நேர் எதிர் இது.

விலை வரம்பு வைப்பது

அடுத்த ஆண்டு விழாவுக்கு முன் நாமே அந்தக் கிராமத்துக்குப் போய் அவர் கடையில் உட்கார்ந்தோம். நடந்ததற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, “இந்த வருசம் வரம்பு வைக்கலாம்னு இருக்கோம். எவ்வளவு வைக்கலாம், நீங்களே சொல்லுங்க” என்று கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஒரு நாள் கல்லாவுல இருந்து எடுத்தா, ராத்திரி எண்ணும்போது தெரியக்கூடாது அண்ணாச்சி. அந்தத் தொகைதான்” என்றார். 200 ரூபாய் என்று முடிவானது. இப்போது 300 ரூபாய்.

இதுவே நம் முதல் விதி. வரம்பைப் பெரிய கடைக்காரர் நிர்ணயிக்கக் கூடாது. கூட்டத்தில் இருப்பதிலேயே சிறிய கடையின் கல்லாவை வைத்து நிர்ணயிக்க வேண்டும். கீழ் வரம்பும் வேண்டும், இல்லாவிட்டால் பத்து ரூபாய்ப் பேனாவைப் பெட்டிக்குள் பெட்டி வைத்துத் தருபவரும் இருப்பார். 250-க்குக் குறையாமல், 300-க்கு மிகாமல் என்று வைத்தால் சரி. வரம்பை மீறிய பரிசு வந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், தயவு தாட்சண்யம் பார்க்கக் கூடாது.

அதிகம் கொடுக்க மனம் இருப்பவர் என்ன செய்வது? சமையலுக்குக் கொடுக்கலாம். ஒரு மூடை அரிசியோ, பருப்போ, ஒரு டின் எண்ணெயோ சமையற்கட்டில் இறக்கிவிட்டுப் போகட்டும். பெயரை எங்கும் வாசிக்கக் கூடாது, எழுதவும் கூடாது.

சீட்டுப் போடும் முறை

சீட்டு என்றதும் நம்மில் பலருக்கு ஏலச்சீட்டு நினைவுக்கு வரும். இது வேறு.

எல்லாருடைய பெயரையும் எழுதி ஒரு பாத்திரத்தில் போட்டு ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னால் ஒரு சிக்கல் வரும். சிலருக்குத் தம் பெயரே வந்துவிடும். இது அபூர்வம் என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டத்தில் ஒருவருக்காவது தம் பெயரே வர 100-க்கு 63 பங்கு வாய்ப்பு உண்டு என்பது கணக்கு. 10 பேர் இருந்தாலும் 100 பேர் இருந்தாலும் ஏறக்குறைய இதே 63தான். குறையில்லாத ஒரு குலுக்கல் அமைய, சராசரியாக மூன்று தடவை குலுக்க வேண்டி வரும். அதற்குள் பாதிப் பெயர்கள் வெளியே தெரிந்துவிடும்.

இதற்கு எளிய வழி வட்டச் சீட்டு. விழாவில் பங்கு பெறாத ஒருவர், உதாரணமாகச் சங்கத்தின் கணக்கர், எல்லாச் சீட்டுகளையும் நன்றாகக் கலைத்து மேசையில் வட்டமாக அடுக்க வேண்டும். முதல் சீட்டுக்காரர் இரண்டாமவருக்கும், இரண்டாமவர் மூன்றாமவருக்கும், இப்படியே போய்க் கடைசிச் சீட்டுக்காரர் முதலாமவருக்கும் பரிசு தரவேண்டும். இதில் யாருக்கும் தம் பெயர் வரவே வராது. பங்காளிகளோ, ஒரே கடைக் கூட்டாளிகளோ அடுத்தடுத்து விழுந்திருந்தால் ஒரு சீட்டை மட்டும் இடம் மாற்றி வைத்தால் போதும். கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் அடுத்தடுத்து வந்தாலும் மாற்றிவிடுவது நல்லது. கணக்கர் அந்தந்தப் பெயரை மடித்து, ஒட்டிய உறையில் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

சீட்டை ஆள் பெயரில் போடாமல் குடும்பத்தின் பெயரில் போடுங்கள். குடும்பத்துக்கு ஒரு பரிசு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நான்கு பரிசு என்றால் சிறு கடைக்காரருக்கு அதுவே 1,200 ரூபாய் ஆகிவிடும். பிள்ளைகளுக்கென்று தனி வட்டம் வைக்க விரும்பினால் 50 ரூபாய் வரம்பில் வைக்கலாம்.

உறையை விழாவுக்குப் பதினைந்து நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், வயதானவர்கள் உண்டா, சர்க்கரை நோய் உள்ளவர் உண்டா என்று விசாரித்து வாங்க நேரம் வேண்டும். இருபது ஆண்டுகள் சரக்கு வாங்கி விற்ற ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று தெரியாமலே இருந்திருக்கிறோம். உறை கைக்கு வந்த பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

என்ன வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

நம் வட்டாரத்தில் கிடைக்கும் பொருள்களே போதும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-லும், உடன்குடிக் கருப்பட்டி 2023-லும் புவிசார் குறியீடு பெற்றவை. கல்லிடைக்குறிச்சி அப்பளம் எந்த வீட்டிலும் வீணாகாது. அம்பாசமுத்திரம் மரச்சொப்பு சின்னப் பெண் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றது. காருகுறிச்சி மண்பாண்டமும் நல்ல பொருள், ஆனால் வைக்கோல் வைத்துக் கட்டிக் கொண்டுவர வேண்டும். பத்தமடையில் பட்டுப்பாய் நம் வரம்புக்குள் வராது, சிறிய விரிப்புகளைக் கேட்டுப் பாருங்கள். படிக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்கு ஒரு நல்ல புத்தகம். புளியங்குடி எலுமிச்சங்காயில் வீட்டில் போட்ட ஊறுகாய் ஒரு ஜாடி வந்தபோது, அன்றைய பரிசுகளில் அதைத்தான் எல்லோரும் கேட்டார்கள்.

தவிர்க்க வேண்டியவை சில.

1. சாமி படம், வேத வசனம் எழுதிய அட்டை போன்றவை வேண்டாம். யார் வீட்டுக்குப் போகிறது என்று தெரிந்தாலும் பொதுச் சபையில் பொதுவான பொருளே நல்லது.

2. கத்தி, கைக்குட்டை போன்றவற்றைப் பரிசாக வாங்கச் சிலர் யோசிப்பார்கள். நமக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் வாங்குகிறவர் மனம் பார்க்க வேண்டும்.

3. நம் கடையில் தேங்கிய சரக்கு கூடவே கூடாது. முதல் ஆண்டில் ஒரு வீட்டுக்குப் போன பிஸ்கட் பெட்டியில் காலாவதி நாள் அடுத்த வாரமாக இருந்தது. மளிகைக்காரர் வீட்டில் இதை முதலில் பார்ப்பார்கள் என்று கொடுத்தவருக்குத் தோன்றவில்லை.

4. பால்கோவா, அல்வா போன்றவற்றை விழாவுக்கு முதல் நாள்தான் வாங்க வேண்டும். உதிரியாக விற்கும் இனிப்புக்கும் உண்ணத்தக்க கடைசி நாளைக் கடையில் எழுதி வைக்க வேண்டும் என்ற விதி 2020 அக்டோபர் 1 முதல் உள்ளது. அதைப் பார்த்து வாங்குங்கள்.

5. நம் கம்பெனி விளம்பரம் அச்சிட்ட பை, கடிகாரம், டைரி வேண்டாம். அது வியாபாரம், பரிசு அல்ல.

எல்லோருக்கும் ஒரே பை

மினுமினுக்கும் பளபளப்புத் தாளில் சுற்றி ரிப்பன் கட்டினால் அங்கேயும் பெரியது, சின்னது வந்துவிடும். மேலும் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருப்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியபோது நமக்கு இந்த யோசனை வந்தது. ஒரே அளவு மஞ்சள் துணிப்பைகளை மொத்தமாக வாங்கி, உறையோடு சேர்த்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுகிறோம். பரிசை அதில் போட்டு வாயைத் தைத்து, பெறுபவர் பெயரை மட்டும் எழுதிய அட்டை கட்டிக் கொண்டுவர வேண்டும். கொடுப்பவர் பெயர் எழுதக் கூடாது. மேசையில் 22 மஞ்சள் பைகள் வரிசையாக இருக்கும்போது எது யார் வீட்டுப் பை என்று கண்டுபிடிக்க முடியாது.

வரிக் கணக்கு

கடையிலிருந்து ஒரு பொருளை எடுத்துப் பரிசாகக் கொடுத்தால், சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டப்படி அந்தப் பொருளுக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்பிவிட வேண்டும். பரிசாகக் கொடுத்த சரக்குக்கு வரவு கிடையாது. தொகுப்பு வரித் திட்டத்தில் இருக்கும் சிறு கடைக்காரர்களுக்கு வரவே இல்லாததால் இந்தக் கேள்வி எழாது. 300 ரூபாய்ப் பொருளுக்கு இந்த வேலை எதற்கு? சொந்தப் பணத்தில் வேறு கடையில் வாங்கிவிட்டால் கணக்கும் சுத்தம், தேங்கிய சரக்கு என்ற பேச்சுக்கும் இடமில்லை.

கம்பெனிகள் வியாபாரத்துக்காகத் தரும் சலுகைப் பொருள்கள் வேறு. அவை ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் போனால் 10 சதவீத வரிப் பிடித்தம் என்ற விதி 2022 ஜூலை 1 முதல் வந்தது. அதையும் இதையும் ஒரே மேசையில் வைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நாளும் இடமும்

மே 5 வணிகர் தினத்தில் கடை விடுமுறைதான். ஆனால் அன்று மாநாட்டுக்குப் போகவேண்டியிருக்கும். சீசன் மாதங்களில் குற்றாலத்தில் மண்டபமும் கிடைக்காது, நமக்கும் ஒழியாது. ஜனவரி நடுவில் மகரவிளக்கு முடிந்து, காணும் பொங்கல் கூட்டமும் கலைந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமைதான் நமக்குத் தோதாக இருக்கிறது. வெயிலும் இராது. தென்காசியிலிருந்து அதிக தூரமில்லை. சுரண்டை, ஆலங்குளம், கடையநல்லூர், செங்கோட்டைக்காரர்கள் காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்பிவிடலாம்.

விழாவை மண்டபத்துக்குள் நடத்துங்கள். முதல் ஆண்டில் பரிசுகளைத் திறந்த வெளியில், மரத்தடியில் வைத்திருந்தோம். குற்றாலத்துக் குரங்குகளுக்குச் சீட்டும் தேவையில்லை, வரம்பும் தேவையில்லை. ஒரு மைசூர்பாகு பெட்டி மரத்தின் மேல் போய்விட்டது. அந்த வீட்டுக்கு அன்று பரிசு கிடைத்ததா இல்லையா என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது.

அருவிக் குளியலை நிகழ்ச்சியில் சேர்க்காதீர்கள். அந்தந்த நாளின் தண்ணீரையும் நிர்வாகத்தின் அனுமதியையும் பார்த்து, விருப்பப்பட்டவர் போகட்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து ஒரு சிறுவன் உயிரிழந்ததை நாம் மறக்கக் கூடாது. மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகளைத் தனியே அனுப்பவே வேண்டாம்.

அன்றைய நிகழ்ச்சி

காலை 10 மணிக்குக் கூடலாம். முதலில் குடும்பங்களை அறிமுகப்படுத்துங்கள். கடையின் பெயரைச் சொல்லாமல் வீட்டாரின் பெயர்களைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு பரிசுப் பைகள். ஒவ்வொரு குடும்பமாக வந்து தம் பெயர் உள்ள பையை எடுத்துக்கொண்டு இருக்கைக்குப் போய்ப் பிரித்துப் பார்க்கட்டும். மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். கொடுத்தவர் யார் என்று ஊகிக்கச் சொல்லலாம், அதில்தான் சிரிப்பு. ஊகிக்க முடியாவிட்டால் கொடுத்தவரே போய்ச் சொல்லட்டும். மதியம் எல்லோரும் ஒரே பந்தியில் இலைச் சாப்பாடு. மண்டப வாடகை, சாப்பாட்டுச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வசூலித்துவிட்டால் கடைசியில் கணக்குப் பேச்சு வராது. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வசூல் வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு இளைஞர்களுக்கு மட்டும் இன்னொரு விளையாட்டு உண்டு. மேல்நாட்டில் இதை ‘வெள்ளை யானை’ என்கிறார்கள். சயாம் நாட்டு அரசர்கள் தமக்குப் பிடிக்காத பிரபுவுக்கு வெள்ளை யானையைப் பரிசளிப்பார்களாம். அதை வேலைக்கும் விட முடியாது, விற்கவும் முடியாது, தீனி போட்டே அவர் ஓட்டாண்டி ஆவார் என்று கதை சொல்கிறார்கள். யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று நாமும் கேட்பது உண்டல்லவா? விதி இதுதான்:

1. ஆளுக்கு 100 ரூபாய்க்குள் ஒரு பொட்டலம் கொண்டுவந்து நடுவில் வைக்க வேண்டும். பிறகு எண் எழுதிய சீட்டை எடுக்க வேண்டும்.

2. முதல் எண்காரர் ஒரு பொட்டலத்தைப் பிரிப்பார். இரண்டாமவர் புதிதாக ஒன்றைப் பிரிக்கலாம், அல்லது முதலாமவர் கையில் இருப்பதைப் பறித்துக்கொள்ளலாம். அடுத்தடுத்த எண்காரர்களுக்கும் இதே உரிமை.

3. பறிகொடுத்தவர் புதுப் பொட்டலம் பிரிக்கலாம், அல்லது வேறொருவரிடம் பறிக்கலாம். தம்மிடம் பறித்தவரிடமே உடனே திரும்பப் பறிக்கக் கூடாது.

4. மூன்று கை மாறிய பொருள் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அதற்கு மேல் பறிக்க முடியாது.

5. எல்லாரும் முடித்த பிறகு முதல் எண்காரருக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு.

15 பேருக்கு மேல் வேண்டாம், நேரம் இழுக்கும். பெரியவர்களை இதில் சேர்க்க வேண்டாம். நம் ஊரில் அண்ணாச்சி கையில் இருப்பதைத் தம்பி பறிக்க மாட்டான், பறித்தாலும் அண்ணாச்சி மறக்க மாட்டார். மாமனார், மாப்பிள்ளை விஷயம் அவரவர் பொறுப்பு.

முடிவாக

இவ்வளவு விதியா, இது ஒரு விளையாட்டுத்தானே என்று சிலர் கேட்கலாம். தராசுக்கு முத்திரை எதற்கோ, அதற்குத்தான் இதற்கும் விதி. முத்திரை இருந்தால்தான் வாங்குபவர் கூச்சமின்றித் தட்டைப் பார்க்கலாம். விதி இருந்தால்தான் சிறு கடைக்காரர் கூச்சமின்றிக் குடும்பத்தோடு வந்து உட்காரலாம். இன்று நமக்குள் ஒற்றுமை வேண்டும் என்று எல்லா மேடைகளிலும் பேசுகிறோம். பெரிய அங்காடிகள் வருகின்றன, கைப்பேசியில் மளிகை வாங்குகிறார்கள் என்று கவலைப்படுகிறோம். மொத்தக் கடையும் சில்லறைக் கடையும் சேர்ந்து நின்றால்தான் நமக்கு நாளை உண்டு. சேர்ந்து நிற்க வேண்டுமானால், முதலில் ஒரே பந்தியில் தலைநிமிர்ந்து உட்கார முடியவேண்டும்.

வெள்ளி விளக்கைத் திருப்பிக் கொடுத்த அந்த நண்பர் வரம்பு வைத்த ஆண்டிலிருந்து தவறாமல் வருகிறார். வட்டச் சீட்டில் ஒரு முறை எங்கள் வீட்டுப் பெயர் அவருக்கு விழுந்தது. மஞ்சள் பையைப் பிரித்தால் உள்ளே எவர்சில்வர் டம்ளர், ஆறு. யார் கொடுத்தது என்று ஊகிக்க எங்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவரும் சிரித்தார், நாமும் சிரித்தோம். கடையில் தேநீர் வந்தால் இப்போதும் அந்த டம்ளரில்தான் குடிக்கிறோம்.

அவர் கணக்கு எங்கள் பேரேட்டில் மறுபடி திறந்து நடக்கிறது. நல்லபடியாகப் பாக்கியோடுதான் நடக்கிறது.